வெள்ளிக்கிழமை வெயில்

அந்தக் கண்ணாடிக் குண்டை நட்ட அன்று ஏழாம் நம்பர் மலையில் ஐந்து பேர் இருந்தோம். ஆராய்ச்சி நிலையத்து டாக்டர் ரத்னாயக்க, தேன்கூட்டுத் தோட்டத்துப் பெரிய துரை, வேலு கணக்கப்பிள்ளை, சிமெந்து வேலைக்கு வந்த கொத்தனார், நான். என் அம்மா மருதாயி இல்லை. அவள் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எட்டாம் நம்பர் மலையில் முப்பது பெண்களோடு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் நாங்கள் செய்வது தெரியும், பேசுவது கேட்காது. பிறகு வந்த வம்புக்கெல்லாம் அந்தத் தூரம்தான் காரணம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. போன மாதம் நிலையத்து இளையவர்கள் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். பழைய கண்ணாடிக் குண்டு ஒரு அட்டைப் பெட்டியில், பழைய செய்தித்தாள் மேல் உட்கார்ந்திருக்கிறது. அது இருந்த இடத்தில் இப்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி. தானே வெயிலை அளந்து தானே தொலைபேசிக்குச் செய்தி அனுப்புகிறதாம். "சார், உங்களுக்கு விருது வாங்கித் தந்த வேலை இந்தக் குண்டில்தானே ஆரம்பிச்சது? எழுதித் தாங்க" என்று கேட்டிருந்தார்கள்.

குண்டில் ஆரம்பித்தது உண்மைதான். ஆனால் குண்டு மட்டும் இல்லை.

என் தொழிலுக்கு உயிர்ப்பௌதிகம் என்று பெயர். உயிருள்ள ஒன்றின்மேல் ஒளியும் நீரும் சூடும் என்ன செய்கின்றன என்று அளந்து பார்க்கிற வேலை. ஒரு தேயிலைக் கொழுந்தின்மேல் பனி எவ்வளவு நேரம் நிற்கிறது, அந்த ஈரத்தில் விழுந்த நோய்வித்து எந்த வெளிச்சத்தில் சாகிறது என்பதைத்தான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யாராவது கேட்டால் அம்மா சுருக்கமாகச் சொல்வாள்: "எம் மவன் வெயில் அளக்குறான்."

படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. டயகமவுக்குப் பக்கத்தில் இதே தோட்டத்தில், ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை. அங்கே நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் லயத்தில் ஒருவருக்கும் நாடில்லை என்று ஆனது. எனக்கு அது அப்போது புரியவில்லை; பெரியவர்கள் நாலு நாள் குரலைத் தாழ்த்திப் பேசியதுதான் நினைவு. பிறகு வட்டவளையில் மாமா வீட்டில் தங்கி, ரயிலேறி ஹட்டனில் படித்தேன். இடையில் அப்பா இறந்துபோனார். எங்கள் குடும்பத்தில் பெருவிரல் நாட்டாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். சட்டம் எனக்கு உறைத்தது வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதுதான். பிரஜை என்ற இடத்தில் கோடு போட்டு அனுப்பியவனை யார் எடுப்பார்கள்? டாக்டர் ரத்னாயக்க எடுத்தார். ஆனால் அவரால் கொடுக்க முடிந்தது தற்காலிக ஆய்வுகூட உதவியாளர் வேலை. ஒரு சோதனை, அந்தச் சோதனை முடியும் மட்டும் சம்பளம். சோதனை வென்றால் நிரந்தரமாக்க எழுதிக் கேட்பதாகச் சொன்னார். தோற்றால் தோட்டத்துக்குத் திரும்பி, பேர் பதிந்து, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க வேண்டியதுதான்.

சோதனை இதுதான். அந்தக் காலத்தில் தேயிலையைக் கொப்புள நோய் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. இளங்கொழுந்தில் கண்ணாடி மாதிரி ஒரு பொட்டு விழும்; அது வெள்ளைக் கொப்புளமாகி, வெடித்து, காற்றில் தூளாகப் பறந்து அடுத்த செடிக்குப் போகும். கவ்வாத்து வெட்டித் துளிர்க்கும் மலைக்கு வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் எல்லாத் தோட்டத்திலும் வாரம் தவறாமல் செம்பு மருந்து அடித்தார்கள். மழையா வெயிலா என்று பார்ப்பதில்லை, நாள்காட்டியைப் பார்த்து அடிப்பார்கள். டாக்டரின் எண்ணம் வேறு. இந்த நோய் வெயிலுக்குப் பயந்தது. ஐந்து நாள் வெயிலைக் கூட்டுவோம். கூட்டுத்தொகை குறைந்தால் மட்டும் மருந்தடிப்போம். வெயில் போதுமான அளவு இருந்தால் சூரியனே மருந்து.

பெரிய துரை வெள்ளைக்காரர். கெட்டவர் இல்லை, ஆனால் புதியதை நம்பாதவர். கவ்வாத்து வெட்டித் துளிர்விட்டிருந்த ஏழாம் நம்பர் மலையை நடுவில் ஒரு கயிறு போட்டுப் பிரித்துக் கொடுத்தார். மேல்பாதி அவருடைய நாள்காட்டிக்கு, கீழ்ப்பாதி டாக்டருடைய சூரியனுக்கு.

என்னைப் பார்த்துத் தோட்டத் தமிழில் கேட்டார்: "நீ மருதாயி மகன்தானே? வெயில் பாக்கிறதுக்குச் சம்பளமா? நல்ல வேலை, நல்ல வேலை!"

குண்டை நட்ட விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இடுப்புயரத்துக்கு ஒரு சிமெந்துத் தூண். அதன் தலையில் பித்தளைக் கிண்ணம் மாதிரி ஒரு தாங்கி. தாங்கிக்குள் நல்ல தேங்காய் அளவுக்கு ஒரு பளிங்குக் குண்டு. குண்டு வெயிலை ஒரு புள்ளியாகக் குவிக்கும்; பின்னால் செருகியிருக்கும் நீல அட்டையில் அந்தப் புள்ளி விழுந்து சுடும். சூரியன் நகர நகரப் புள்ளியும் நகரும். அட்டையில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு எரிந்துகொண்டே போகும். மேகம் வந்தால் கோடு அறுந்துவிடும். மாலையில் அட்டையை எடுத்துக் கோட்டின் நீளத்தை அளந்தால் அன்று எத்தனை மணி நேரம் வெயிலடித்தது என்று தெரியும். தூண் அரை நூல் சாய்ந்தாலும் கணக்கு தப்பு.

டாக்டர் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "தண்ணீர் ஊற்றிக் கழுவு" என்றார். தூணையும் தாங்கியையும் மூன்று குடம் ஊற்றிக் கழுவினேன். அவர் இரண்டு முழங்காலும் மண்ணில் பட மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி, குண்டை உற்றுப் பார்த்தார். எழுந்து அதைச் சுற்றி வந்தார். மறுபடி சுற்றினார். மூன்றாம் முறையும் சுற்றினார். மூன்று முறை பார்த்தால்தான் ஒரு முறை பார்த்ததாகும் என்பது அவர் கொள்கை. காற்றடித்ததால் பெரிய துரையும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

எட்டாம் நம்பர் மலையிலிருந்து முப்பது பெண்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் ரத்னாயக்க கண்டிப் பக்கத்துச் சிங்களவர். மெலிந்த உருவம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறு அளவுகோல். என்னோடு ஆங்கிலத்தில் பேசுவார். தமிழில் அவருக்கு இரண்டே சொற்கள் திருத்தமாக வரும்: "எப்படித் தெரியும்?" நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அந்தக் கேள்வி வரும். அட்டையை நானும் அவரும் தனித்தனியாக அளந்து தனித்தனித் தாளில் எழுதி, பிறகு தாளைத் திருப்பிப் பார்ப்போம். ஒரு தீக்குச்சிக் கனம் வித்தியாசம் இருந்தாலும் இரண்டு பேரும் முதலிலிருந்து அளக்க வேண்டும். திட்டமாட்டார். "பார்த்ததை இன்றைக்குச் சொல், நினைத்ததை நாளைக்குச் சொல்" என்பார். முதல் மாதத்தில் எனக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. பார்த்தது எது, நினைத்தது எது என்று பிரிக்கவே எனக்குத் தெரியவில்லை.

என் கிரமம் இப்படி: தினமும் பொழுது சாய்ந்ததும் மலையேறிப் பழைய அட்டையை எடுத்து, புது அட்டையைச் செருகுவேன். பழையது பனியில் நனைந்திருக்கும். சட்டைப்பையில் வைத்தால் மடிந்துவிடும் என்பதால் பிஸ்கட் டின்னில் படுக்கை வாட்டில் வைத்துக்கொண்டு இறங்குவேன். பகலில் கீழே தேயிலைத் தொழிற்சாலையின் மூலை அறையில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் நோய்வித்து எண்ணுவேன். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, விடியற்காலை பஸ்ஸில் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் டாக்டரிடம் கொடுத்துவிட்டுப் பொழுது சாயும்போது திரும்புவேன். திரும்பியதும் அன்றைய அட்டையை மாற்றுவேன்.

நான்கு வாரம் போயிற்று. வெயில் காலம், காலையில் பளிச்சென்று அடிக்கும், மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கும். மற்ற நாள் அட்டைகளில் நல்ல நீளக் கோடு. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அட்டை வெறுமையாக இருந்தது, அல்லது மத்தியானத்துக்குப் பிறகு ஒரு துண்டுக் கோடு மட்டும். வெள்ளிக்கிழமை விழுந்த உடனே ஐந்து நாள் கூட்டுத்தொகையும் விழுந்தது. விதிப்படி மருந்தடிக்கச் சொன்னேன். வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. வாரம் ஒரு மருந்தடி. நாள்காட்டிப் பாதிக்கும் அதே நாலு, சூரியப் பாதிக்கும் அதே நாலு.

வெள்ளிக்கிழமை நான் இருக்கும் இடத்தில் வெயில்தான். ஆனால் மலைநாட்டில் அதற்கு அர்த்தமில்லை. ஒரு மலை நனையும்போது அடுத்த மலை காயும்.

நான்காவது வெள்ளிக்கு மறுநாள் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பெரிய துரை என்னைக் கூப்பிட்டார். "ஒன் கண்ணாடிக்கும் என் காலண்டருக்கும் என்ன வித்தியாசம், சொல்லு?"

நான் பிஸ்கட் டின்னைத் திறக்கப் போனேன். அவர் கையமர்த்தினார்.

"மூணு வாரம் தாரேன். அப்பவும் இப்படின்னா, குண்டு ஒங்க டாக்டருக்கு, நீ எனக்கு. ஒன் அப்பன் நல்ல கவ்வாத்துக்காரன்."

அன்று மாலை வேலு கணக்கப்பிள்ளை என் அறைக்கு வந்தார். என்மேல் உண்மையான பிரியம் உள்ளவர். தோட்டத்துக் கணக்கு முழுவதும் அவர் கையில் இருந்ததால், எழுதியதுதான் நடந்தது என்று நம்புகிறவரும்கூட.

"தம்பி, இவ்வளவு படிச்சும் ஒனக்கு வெவரம் பத்தலை. அந்த அட்டையில என்ன இருக்கு? சூடு பட்ட கோடு. நம்ம கையில ஊதுவத்தி இல்லையா?"

"அண்ணே!"

"என்ன அண்ணே? வெள்ளிக்கிழமை அட்டையில ஊதுவத்தியால ஒரு இழுப்பு இழு. சூரியன் வந்து சாட்சி சொல்லப்போவுதா?"

அவர் போன பிறகு ஒரு வெற்று அட்டையை எடுத்து, ஊதுவத்தி கொளுத்தி, கோடு இழுத்தும் பார்த்தேன். மறைக்காமல் சொல்கிறேன். கோடு கம்பளிப்பூச்சி ஊர்ந்தது போல வந்தது. இதைவிட நன்றாக இழுக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இழுத்தால் வேலை நிலைக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை டாக்டர் "எப்படித் தெரியும்?" என்று கேட்பாரே, அதற்கு என்ன பதில் சொல்வது? ஊதுவத்தியை அணைத்தேன்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை, வழக்கமான அட்டைகளோடு அந்த ஊதுவத்தி அட்டையையும் டாக்டர் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"விளிம்பு கருப்பாக இருக்கிறது. சூரியன் சுட்டால் பழுப்பு. நல்லது, கள்ள அட்டை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டோம்" என்று சொல்லி அதன் முதுகில் பென்சிலால் 'ஊதுவத்தி' என்று எழுதிப் பெட்டியில் போட்டார். பிறகு நான்கு வெள்ளிக்கிழமை அட்டைகளையும் வரிசையாக அடுக்கினார்.

"என்ன பார்க்கிறாய்?"

"வெள்ளிக்கிழமை மேகம், சார்."

"மேகம் நீ நினைத்தது. பார்த்தது?"

நான் குனிந்து பார்த்தேன். "காலையில் ஒரு கோடும் இல்லை. கோடு இருக்கிற இரண்டு அட்டையிலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஏறக்குறைய ஒரே இடத்தில்."

"ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "மேகத்துக்குக் கிழமை தெரியுமா? மணி தெரியுமா?"

"தெரியாது, சார்."

"அப்படியானால் கிழமையும் மணியும் தெரிந்த ஒன்று அந்த மலையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் நீ எங்கே இருப்பாய்?"

"இங்கே, உங்கள் முன்னால்."

சொல்லி முடித்ததும் எனக்கே உறைத்தது. டாக்டர் சிரித்தார். "அடுத்த வெள்ளி வராதே. மலையிலேயே இரு. எதைப் பார்த்தாலும் தொடாதே. பார்த்துவிட்டு வந்து சொல்."

ஆறாவது வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஏழாம் நம்பர் மலைக்குப் போய் ஒரு சவுக்கு மரத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். சூரியன் எழுந்தது. பளிங்குக் குண்டில் வெளிச்சம் விழுந்தது. வானத்தில் பஞ்சு அளவுக்குக் கூட மேகம் இல்லை.

பெரட்டு முடிந்து பெண்கள் கூடையோடு ஏறி வரும் சத்தம் கேட்டது. முதலில் பாக்கியம் அக்காவின் குரல். எங்கள் லயத்திலேயே வாய் நீளமான பெண்மணி.

"மருதாயி, சுருக்கா முடி. கங்காணி வந்தா பாதிப் பேர்தான் போடுவாரு, அரைச் சம்பளந்தான்."

"இருடி. சாமி காரியத்துல அவசரம் ஆகாது."

அம்மா கூடையை இறக்கினாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்தாள். புல்லில் இருந்த பனியை உள்ளங்கையில் வழித்து, விபூதியைக் குழைத்தாள். பிறகு உதிக்கிற சூரியனைப் பார்த்த பக்கமாக, அந்த அரிய கருவியின் கிழக்கு முகம் முழுக்க, ஓர் இடம் விடாமல், மூன்று பட்டையாக அழுத்திப் பூசினாள். நடுவில் ஒரு சந்தனப் பொட்டு. பாக்கியம் அக்கா ஒரு சாமந்திப் பூவை மேலே வைத்தாள்.

"கண்ணாடிச் சாமி," என்று அம்மா கைகூப்பினாள், "எம் மவனுக்கு இந்த வேலைய நெலையாக்கிக் குடுத்துரு. அவன் கையில கத்தி ஏறக்கூடாது. ஒனக்கு வருசா வருசம் பொங்க வைக்கிறேன்."

தொடாதே என்றுதான் டாக்டர் சொன்னார். பேசாதே என்று சொல்லவில்லை. நான் மரத்துக்குப் பின்னாலிருந்து எழுந்தேன். பெண்கள் அலறினார்கள்.

"அம்மா! என்னம்மா இது?"

"அடப்பாவி, நீ இன்னைக்குப் போகலியா? மேலுக்கு முடியலியா?"

"இது சாமி இல்லம்மா!"

"யாரு சொன்னா?" பாக்கியம் அக்கா முன்னால் வந்தாள். "ஒங்க டாக்டரு தொப்பியக் கழட்டிட்டு முட்டி போட்டுக் கும்புட்டாரு. மூணு தடவ சுத்துனாரு. பெரிய தொரையே தலை குனிஞ்சு நின்னாரு. நீதானே மூணு கொடம் ஊத்தி அபிசேகம் பண்ணுன? நாங்க என்ன குருடா?"

பார்த்ததைத்தான் அவர்கள் சொன்னார்கள்.

"அது வெறும் கண்ணாடி அக்கா."

"வெறும் கண்ணாடி கடுதாசியக் கொளுத்துமா? நெருப்பில்லாம, தொடாம, பட்டப்பகல்ல? பேசுறான் பாரு படிச்சவன்."

"சரி, சாயங்காலம் நான் வரும்போது சுத்தமா இருக்கே, அது எப்படி?"

அம்மா பெருமையோடு சொன்னாள்: "நாந்தாண்டா மத்தியானம் கொழுந்து நிறுக்கப் போறப்ப முந்தானையில தொடச்சு வைக்கிறேன். ஒனக்கு அழுக்கா இருந்தா டாக்டரு வையமாட்டாரா?"

என் வேலை நிலைக்க வேண்டும் என்று அம்மா வைத்த நேர்த்திக்கடனே என் வேலையைக் கரைத்துக்கொண்டிருந்தது. அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. துரைக்குத் தெரிந்தால் நிலையத்துக் கருவியைக் கெடுத்தாள் என்று வேலைப் பதிவிலிருந்து அவள் பேரையே வெட்டிவிடலாம். விபூதி காயக் காயக் குண்டு மங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அட்டையில் புள்ளி விழவில்லை. பத்து மணி பஸ்ஸைப் பிடித்து டாக்டரிடம் ஓடினேன்.

முழுவதும் சொன்னேன். அம்மா என்பதையும் சொன்னேன். டாக்டர் சிரிக்கத் தொடங்கி, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் மண்டியிட்டதை நான் பார்க்கவில்லை, பார்!" என்றார். பிறகு ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

பெரிய துரையின் யோசனை எளிதாக இருந்தது: சுற்றி முள்கம்பி வேலி, பூசுகிறவளுக்குத் தண்டனை. டாக்டர் மறுத்துத் தலையசைத்தார். "வேலி போட்டால் நிழல் விழும். வேலிக்கு வெளியே நின்று தண்ணீரில் விபூதியைக் கரைத்து வீசினால் என்ன செய்வீர்கள்? தப்பு என்னுடையது. முப்பது பேர் வேலை செய்கிற இடத்தில் ஒரு பொருளை நட்டுவிட்டு, இது என்ன என்று ஒருவரிடமும் சொல்லாமல் போனேன். முதலில் அந்த அம்மாவிடம் பேசுகிறேன்."

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுவை முடிந்ததும் பேச்சு நடந்தது. நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். அம்மாவின் மகனாகவும் டாக்டரின் உதவியாளனாகவும் ஒரே நேரத்தில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. டாக்டர் ஓர் அட்டையைக் காட்டி, வெயில் புள்ளி விழும் விதத்தைச் சொல்லி, விபூதி அந்த வழியை மறைக்கிறது என்றார். அம்மா கவனமாகக் கேட்டாள். முகம் வாடியது.

"அப்ப எம் மவன் பொழப்பக் கெடுத்தது நானா?"

"கெடவில்லை. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது" என்றார் டாக்டர்.

"ஆனா டாக்டரு தொரை, கும்புட்ட சாமிய அம்போன்னு விட்டா குத்தமாயிரும்ங்க. ஆறு வாரம் பூசை வாங்கியிருக்கு. அதுக்கு ஒரு எடம் காட்டணும்."

இப்படித்தான் எங்கள் கோயில் பூசாரி பழனியாண்டி ஆராய்ச்சிக்குள் வந்தார். எங்கள் தோட்டத்தில் இது புதிதில்லை. தொழிற்சாலை ரோதைச் சக்கரத்துக்கு ஒரு சாமி, கவ்வாத்துக்கு ஒரு சாமி, கொழுந்துக்கு ஒரு சாமி என்று கல் நட்டுக் கும்பிட்டு வந்தவர்கள்தான். பூசாரி குண்டையும் பார்த்தார், டாக்டரையும் பார்த்தார். "சாமிய எடம் மாத்தலாம். ஒரு கல்லு வேணும். குண்டுல இருக்கிறதக் கல்லுக்கு எறக்கிரலாம்" என்றார்.

டாக்டர் அளவுகோலை எடுத்தார். கல்லின் உயரம் என்ன, தூணிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசையில் வைத்தால் நிழல் விழாது என்று கால்மணி நேரம் பேசினார்கள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைக்கவில்லை. பூசாரிக்குக் கிழக்கு முகம் வேண்டும். டாக்டருக்குத் தூணுக்கு வடக்கே முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போயிற்று. எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் தன் இரண்டு தமிழ்ச் சொற்களையும் எடுத்தார்.

"சாமி மாறியது... எப்படித் தெரியும்?"

நான் கூசிப்போனேன். பூசாரியிடம் கேட்கிற கேள்வியா அது? பழனியாண்டி அசரவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை காலையில கடுதாசி எரிஞ்சா மாறிருச்சு. எரியலன்னா மாறல."

நான் மொழிபெயர்த்ததும் டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மூன்று வருடமாக என் உதவியாளர்களிடம் இதைத்தான் எதிர்பார்க்கிறேன்" என்றார்.

புதன்கிழமை மாலை பூசை நடந்தது. ஆற்றிலிருந்து கொண்டுவந்த கல்லை நட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, குண்டிலிருந்து கல்லுக்குச் சாமியை இறக்கினார்கள். கடைசியாக ஒருமுறை குண்டை முந்தானையால் துடைத்தது அம்மாதான்.

ஏழாவது வெள்ளிக்கிழமை, துரை கொடுத்த கெடுவின் கடைசி வெள்ளி, மலையில் எல்லோரும் இருந்தோம். முகில் தரையோடு படுத்திருந்தது. ஏழு மணி ஆகியும் விலகவில்லை. பெரிய துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெண்கள் கல்லைச் சுற்றி நின்றார்கள். கல் முழுக்க விபூதி, சந்தனம், சாமந்தி. குண்டு மட்டும் மொட்டையாக, பனித்துளியோடு.

"மாறலியோ?" என்று பாக்கியம் அக்கா முணுமுணுத்தாள்.

"வாய மூடுடி" என்றாள் அம்மா.

எட்டு மணிக்குச் சற்று முன்னால் முகில் கிழிந்தது. குண்டு பற்றிக்கொண்டதுபோல் மின்னியது. அட்டையில் ஓர் ஊசிமுனை வெளிச்சம் விழுந்து நடுங்கியது. பிறகு நூல்போல ஒரு புகை. நான் மூக்கால்தான் முதலில் அறிந்தேன். சுட்ட காகித வாசனை.

"மாறிருச்சுங்க!" என்றார் பூசாரி.

டாக்டர் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஒரு முறை போதாது. மூன்று வெள்ளி பார்க்க வேண்டும்."

"சாமியையே சந்தேகப்படுறாரு பாரு" என்றார் பூசாரி என்னிடம். டாக்டருக்குச் சொன்னேன்.

"சாமியை இல்லை. கண்ணாடியை."

மூன்று வெள்ளியும் பார்த்தோம். மூன்றிலும் காலைக்கோடு நீளமாக எரிந்தது. கூட்டுத்தொகை விழவில்லை, மேல்பாதியில் மருந்தடித்த வாரங்களில் கீழ்ப்பாதி சும்மா இருந்தது. கொழுந்தைக் கிள்ளி எண்ணிப் பார்த்தோம். இரண்டு பாதியும் ஒன்றுபோலத் தளதளவென்று இருந்தன. பெரிய துரை சோதனைக்கு ஒரு மலையை மூன்று மலையாக்கிக் கொடுத்தார். டாக்டர் எழுதிய கடிதத்தின் பலனாகப் பருவம் முடிவதற்குள் என் பேருக்கு முன்னால் இருந்த 'தற்காலிக' என்ற சொல் போயிற்று. அதற்குக் காரணம் கல்லா கடிதமா என்று அம்மாவிடம் வாதாடி நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

இளையவர்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கெட்டுப்போன ஆறு அட்டைகளையும் டாக்டர் எறியவில்லை. ஒருநாள் அவற்றை என் முன்னால் போட்டு, "காலையை மட்டும் தொலைத்தோம், முழுக்கணக்கும் பொய்யானது. அப்படியானால் காலை வெயில் ஒரு மணியும் மாலை வெயில் ஒரு மணியும் சமமா?" என்று கேட்டார். பனி உலரும் அந்த முதல் வெயிலில் கொழுந்தின்மேல் என்ன நடக்கிறது? நான் பட்டம் படித்ததும், கடல் கடந்து போனதும், கடைசியில் மேடையேறி ஒரு வெள்ளிப் பதக்கத்தை வாங்கியதும் அந்த ஒரே கேள்விக்குப் பதில் தேடித்தான். முதல் கட்டுரையின் அடிக்குறிப்பில் 'ஆறு நாட்களின் அளவு, கண்ணாடியின் மேல் இருந்த படிவு காரணமாக நீக்கப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். படிவு என்பது அம்மாவின் விபூதி.

சாமியை இடம் மாற்றிய செலவை டாக்டர் சொந்தப் பையிலிருந்து கொடுக்க மறுத்துவிட்டார். இது ஆராய்ச்சிச் செலவு என்றார். 'கருவியின் பார்வையைச் சீர்செய்தல்' என்று தலைப்பிட்டு அவரே செலவுச்சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சியாக என் கையெழுத்து, அதற்கும் கீழே பூசாரியின் பெருவிரல். தேங்காய் இரண்டு, வாழைப்பழம் ஒரு சீப்பு, கற்பூரம், சந்தனம், வெற்றிலை பாக்கு, பூசாரி தட்சிணை. கல்லுக்கு விலையில்லை. மொத்தம் நான்கு ரூபா பத்துச் சதம்.